ஏர் டேங்கில் குடியிருந்த முனி

முக்கூடலுக்கு ரோடு பிரியும் விலக்கில் லாரிகள் வரிசையாக நின்றன. செக்போஸ்ட் இல்லை, போலீஸ் சோதனையும் இல்லை. பேய் ஓட்ட நின்றன.

ஆம், லாரியைப் பிடித்த பேய்! மனிதர்களைப் பிடித்துப் பிடித்து அலுத்த முனிகள், ஏர் பிரேக் வந்த பிறகு லாரிகளுக்குக் குடிமாறிவிட்டன என்று கண்டுபிடித்தவர் காத்துச்சாமி. முனி ஏர் டேங்குக்குள் உட்கார்ந்து மூச்சு விடுகிறதாம். அதுதான் ‘புஸ்’. அந்தப் பாஷை சாமிக்கு மட்டுமே தெரியும். குட்டைப் புஸ் என்றால் கோழி கேட்கிறது. நீளப் புஸ் என்றால் கோழியோடு வேட்டியும் கேட்கிறது. இதுவரை எந்த முனியும் கத்திரிக்காய் கேட்டதில்லை. சாமிக்குக் கத்திரிக்காய் ஆகாது.

டிரைவர் ஆவுடைநாயகமும் அந்த வரிசையில் நின்றான். கொஞ்ச நாளாகவே அவன் லாரியில் என்ஜினை நிறுத்தினால், டேங்கில் எவ்வளவு காற்று என்று காட்டும் முள் பைய இறங்கிவிடுகிறது. காற்று இல்லாவிட்டால் பிரேக் இல்லை. இன்றோ பீடிக்கட்டு லோடு. ஆரியங்காவு கணவாய் இறங்கிப் புனலூர் போக வேண்டும். வீட்டில் பெண்டாட்டி நிறைமாசம்.

லோடுக்குச் சொந்தக்காரி மேலப்பாளையம் ஷரீபா பீவி, புனலூரில் மகளைப் பார்க்க அதே லாரியில் வந்திருந்தாள்.

“ஏலே ஆவுடை, ஒர்க்‌ஷாப்புக்குப் போகாம இங்கன எதுக்கு நிக்க?”

“சும்மா இருங்கக்கா. ஒர்க்‌ஷாப்புக்காரன் ரப்பரை மாத்துவான். முனியை மாத்துவானா?”

சாமியின் சிஷ்யன், கையெல்லாம் குங்குமமாக, எலுமிச்சம்பழம் கட்ட லாரிக்கு அடியில் நுழைந்தான். அடுத்த நொடி ‘புஸ்ஸ்ஸ்ஸ்!’ கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. வரும்போது கொசு மாதிரி முனகிய லாரி இப்போது குக்கர் மாதிரி சீறியது.

“நீளமா வருது. வேட்டியும் கேக்கு!” என்றார் காத்துச்சாமி, கண்ணை மூடியபடியே.

உடுக்கை அதிர்ந்தது. பழம் நசுங்கியது. சிஷ்யன் மறுபடி அடியில் போய் வந்தான். சீற்றம் நின்றது. ஆவுடைநாயகம் கோழியையும் வேட்டியையும் சாமி காலடியில் வைத்துக் கும்பிட்டான்.

ஷரீபா பீவி கும்பிடவில்லை. கேபினுக்குள் எட்டிப் பார்த்தாள்.

“முனி போயிட்டுல்லா? அப்ப முள்ளு ஏம்லே இன்னும் இறங்குது?”

“அது முள்ளோட மனசுல மிச்சம் இருக்குத பயம், தாயி,” என்றார் சாமி.

“முள்ளுக்கு ஏதுவே மனசு? ஏலே ஆவுடை, சைக்கிள் பஞ்சரை எப்படிலே கண்டுபிடிக்கான்?”

“தண்ணியில முக்கி...”

“லாரியை முக்க வாளி கிடையாது. அந்த டீக்கடையில துணிசோப்பைக் கரைச்சு வாங்கு. காத்துக் குழாய் எல்லாத்துலயும் தடவு.”

“சாமி குத்தமாயிரும்க்கா!”

“கணவாயில பிரேக்கு புடிக்கலேன்னா இவரா குறுக்க விழுவாரு? உம் பிள்ளைக்குப் பேரு வைக்க நீ இருக்கணும்லே. கூட நானும்லா உக்காந்து வாரேன்!”

முனி பெரிதா, பிள்ளை பெரிதா? ஆவுடைநாயகம் டீக்கடை வாளியில் சோப்புத் தண்ணீரோடு அடியில் புகுந்தான். பின் சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸில் தடவியதும் நுரை குபுகுபுவென்று பொங்கியது.

“அக்கா! ஹோஸ்ல வெடிப்பு விட்டிருக்கு! டேங்குல தண்ணி வடிக்குத திருகு இருக்குல்லா, அதுல குங்குமமா அப்பியிருக்கு!”

ஷரீபா பீவிக்குச் சிரிப்பு வந்தது. “ஓகோ! நான் சொல்லும்போது அந்தத் திருகைத் திறலே.” பிறகு சாமியைப் பார்த்தபடியே, “ஆவுடை, திறலே!” என்றாள். ‘புஸ்ஸ்!’

“சாமி, இப்ப என்ன சொல்லுது?”

பழக்கதோஷம். “இன்னொரு கோழி வேணுங்குது,” என்றார் சாமி.

“மூடுலே ஆவுடை!” நிசப்தம். “அட, கோழி திங்காமலே போயிட்டே! திறலே.” ‘புஸ்ஸ்!’ “வந்துட்டு. மூடுலே.” நிசப்தம். “முனி ரொம்பச் சொன்னபடி கேக்குதே வே! எந்த ஊரு முனி?”

கூட்டம் திருகைப் பார்த்தது. சிஷ்யனின் குங்கும விரலைப் பார்த்தது. சிஷ்யன் வயக்காட்டில் குதித்து ஓடினான். பின்னாலேயே சாமி ஓடினார், கோழியை மட்டும் விடாமல். அந்த ஓட்டத்தில் அவருக்கு எந்த முனியும் துணைக்கு வரவில்லை.

முக்கூடல் கடையில் புது ஹோஸ் வாங்கி மாட்டினார்கள். மறுபடி சோப்புத் தண்ணீர் தடவினார்கள். நுரை வரவில்லை. என்ஜினை நிறுத்தினார்கள். முள் ஆணியடித்த மாதிரி நின்றது. ஆவுடைநாயகம் அழுதுகொண்டே சிரித்தான்.

கதை இங்கே முடிந்திருக்கலாம். கிளம்பப் போனால் பாதையை மறித்து மற்ற டிரைவர்கள் நிற்கிறார்கள். சோப்பு வாளிக்கு மாலை! வாளியின் முன்னால் சூடம்! ஒருவன் ஷரீபா பீவியின் காலிலேயே விழுந்தான்.

“சோப்புத்தாயே! என் லாரிக்கும் உன் கையால ஒரு சொட்டு தெளி!”

ஷரீபா பீவி வாளியை எடுத்து அவன் தலையிலேயே கவிழ்த்தாள்.

“அக்கா, என்ன பண்ணுதீய?” என்று பதறினான் ஆவுடைநாயகம்.

“புத்தி எங்கன ஒழுகுதுன்னு பாக்கேன். பாருலே, எவ்வளவு நுரை!”