பார்கோடு பக்தர்

பழைய பொருள் விற்பவர்களில் ஓர் இனம் உண்டு. அது பொருளைப் பார்க்காது. பெட்டியைக் கவிழ்த்துக் கறுப்புக் கோடுகளுக்குக் கீழே உள்ள பதின்மூன்று இலக்கங்களைத்தான் பார்க்கும். கிரேக்க நாட்டுப் பாத்ரா நகரத்து ஸ்தமாதிஸ் இந்த இனத்தில் அசல் உருப்படி.

இணையச் சந்தையில் ஒரு பொம்மை வண்டியை விற்பனைக்குப் போட உட்கார்ந்தால், நிறம், வயது, கீறல் எல்லாவற்றையும் அரை வரியில் முடித்துவிட்டு, பார்கோடு எண், தயாரிப்பாளர் எண், மறுபதிப்பு எண் என்று தேடிப்பிடித்து, பூதக்கண்ணாடி வைத்து மூன்று முறை சரிபார்த்து, ஆறிப்போன காப்பியைக் குடித்துவிட்டு நான்காம் முறையும் சரிபார்ப்பார். பார்கோடே பிறக்காத காலத்துத் தகர ரயிலுக்கு என்ன செய்வாராம்? 'எண் கிடையாது' என்றொரு கட்டம் இருக்கிறது, ஒரு டிக் போதும். அவருக்கு மனசு வராது. ரயில் அலமாரியிலேயே நிற்கிறது.

அலமாரியின் ராஜா, பெட்டி பிரிக்காத ஒரு சிவப்புப் பஸ். அதை விற்றுத்தான் மனைவி எவாந்தியாவை ஸாகிந்தோஸ் தீவுக்கு அழைத்துப் போவதாகப் பேச்சு. ஐந்து கோடை போய்விட்டது. எப்போதோ மூடிப்போன ஒரு கடையின் முதலாளி, யூரோவுக்கு முந்தைய டிராக்மா நாணயத்தில் விலை எழுதி ஒட்டிய சீட்டு, பெட்டியின் பின்பக்க மூலையில் இருந்த பார்கோட்டின் கடைசி நான்கு இலக்கங்களை மறைத்துக்கொண்டிருந்ததுதான் தடை. இந்த வருஷம் எவாந்தியா பொறுமையிழந்து, எண் இல்லாமல், படத்தை மட்டும் வைத்துத் தானே பதிவு போட்டுவிட்டாள். மறுநாளே கலமாதாவிலிருந்து ஃபொதினி என்றொரு பெண், கேட்ட விலைக்கே எடுத்துக்கொள்கிறேன், பெட்டியின் பின்பக்க மூலையை மட்டும் தெளிவாகப் படமெடுத்து அனுப்ப முடியுமா என்று எழுதினாள்.

ஸ்தமாதிஸுக்குப் புல்லரித்துவிட்டது.

"பாத்தியா, நம்பரத்தான் கேக்கறா. விஷயம் தெரிஞ்சவ."

முடி உலர்த்தும் மெஷினால் சீட்டுக்குச் சூடு காட்டி, நகத்தால் நெம்பினார். அது ஏழு துண்டாக வந்தது. குப்பையில் போட்டார். நான்கு இலக்கங்களும் பளிச்சென்று தெரிந்தன. படம் போயிற்று. பத்தே நிமிஷத்தில் ஃபொதினி போன் செய்தாள்.

"ஐயா, அந்த விலைச்சீட்டு எங்க? அது எங்க அப்பா கடை. அவர் கையால எழுதினது. பஸ்ஸ வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப்போறேன்?"

எவாந்தியா கத்தவில்லை. "அந்த நம்பரக் கட்டிப் புடிச்சுக்கிட்டுத் தீவுக்கு நீந்திப் போய்ச் சேரு" என்று மட்டும் சொன்னாள்.

அவர் குப்பைக்கூடையைக் கவிழ்த்து, காப்பித்தூளுக்குள்ளிருந்து ஏழு துண்டையும் இடுக்கியால் பொறுக்கி, துடைத்து, உறையிலிட்டு, காசு வேண்டாமென்று எழுதி கலமாதாவுக்கு அனுப்பினார். ஆறாவது கோடையும் போயிற்று. அஞ்சலகத்தில் பதிவுத் தபால் எண்ணை நான்கு முறை சரிபார்த்தார்.

சிரிக்கிறீர்களா? புத்தகச் சந்தையில் வாங்கிய புத்தகத்தில், அச்சடித்த விலைமேல் புது விலை ஒட்டியிருந்ததே, அடியில் என்ன இருக்கிறதென்று நான் சுரண்டிப் பார்த்தேன். அட்டைதான் கிழிந்தது. உங்கள் நகத்தையும் கொஞ்சம் காட்டுங்கள்.