வேல் குத்த வேண்டிய இடம்

ஜனவரி 30, வெள்ளி.

நான் சொன்னது தவறு. விமலன் அண்ணனின் வாய்ப்புண்ணுக்கு உடல்சூடுதான் காரணம் என்று வீட்டில் அடித்துச் சொல்லியிருந்தேன். இன்று மாலை, தாதியர் உதவியாளர் வகுப்பில் ஆசிரியை வேறு மாதிரி சொன்னார்: தூக்கக் குறைவு, மனக்கவலை, பல் பட்ட காயம் என்று பல காரணம் இருக்கலாம், பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் தானே ஆறும், காரம், புளி ஆகாது, உப்பை வெதுவெதுப்பான நீரில் கரைத்துக் கொப்பளிக்கலாம்.

ஓரிரு வாரம் பொறுக்க அண்ணனால் முடியாது. ஞாயிறு தைப்பூசம். மலர்விழி அண்ணி பிரசவத்தில் தவித்தபோது, தாயும் பிள்ளையும் பிழைத்தால் கன்னத்தில் அலகு குத்துவதாக முருகனிடம் வேண்டிக்கொண்டவர். இருவரும் பிழைத்தார்கள். இப்போது வேல் நுழைய வேண்டிய உள்கன்னத்திலேயே, அரிசி அளவில் வெள்ளையாக ஒரு புண்.

புண் வந்த அன்று, என் பேச்சைக் கேட்டு அண்ணி முதலில் இளநீர் கொடுத்தார். பலனில்லை. அடுத்து, கல்லுப்பை எடுத்துப் புண்ணிலேயே வைத்து அழுத்தினார். மலாக்காவுக்குப் பக்கத்தில் குருபோங் தொழிற்சாலையில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அண்ணன் சமையலறையைச் சுற்றிச் சுற்றி ஓடினார்.

“ஐயோ, எரியுது மலரு!”

“இதுக்கே இப்படியா? ஞாயித்துக்கிழமை வேலுங்க!”

“அது சாமி காரியம் லா. வலிக்காது.”

பிறகு அண்ணனின் கூட்டாளி திவாகர், வாய் கொப்பளிக்கும் மருந்து ஒன்றைக் கொண்டுவந்தார்.

“செம ஸ்ட்ராங் லா, ப்ரோ. ஒரே நாள்ல ஓகே ஆயிடும்.”

கொப்பளித்த அண்ணன் ஓடிப்போய்க் குழாய்த் தண்ணீரில் வாயைக் கழுவிக்கொண்டே இருந்தார். புண் இன்னும் பெரிதானது.

நான் மருந்துக்கடையில் களிம்பு வாங்கித் தடவினேன். வலி குறைந்தது. உடனே அண்ணி புளியைத் தூக்கலாக விட்டு, மிளகு இடித்துப் போட்டு ரசம் வைத்தார். விரதத்துக்கு நல்லதாம். புண் மறுபடி சிவந்தது. களிம்பைத் தடவிய விதம்தான் சரியில்லையோ என்று என்மேலேயே எனக்குச் சந்தேகம்.

இன்று வகுப்பு முடிந்து வந்தபோது, அலகு குத்தும் தம்புசாமி மாமா அண்ணனின் வாய்க்குள் டார்ச்லைட் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“புண்ணு மேல வேல் ஏத்த மாட்டேன் தம்பி. பால்குடம் எடு.”

“வாக்கு குடுத்துட்டேனே மாமா! இவ உயிருக்கும் பிள்ளை உயிருக்கும் குடுத்த வாக்கு.” அண்ணன் அண்ணியைக் கைகாட்டினார்.

“பாலக் கொண்டுபோனா, வேணாம்னா சொல்லிடுவாரு முருகன்?”

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். தோளில் பிள்ளையைத் தட்டித் தூங்கவைத்துக்கொண்டிருந்த அண்ணி, மெல்ல வாய் திறந்தார்.

“அப்ப ரெண்டு குடம் மாமா. இவரு வேண்டிக்கிட்டத கேட்டதுமே, இவரு கன்னத்துல வேல் ஏறாம இருந்தா நானும் பால்குடம் எடுக்கிறேன்னு வேண்டிக்கிட்டேன்.”

நாளை: மலாக்கா கடைக்குப் போய்ப் பால்குடம் இரண்டு வாங்க வேண்டும்.