ஒட்டடைக்கும் எனக்கும் உள்ள தகராறு

மைசூர், விஜயநகர் மூன்றாவது ஸ்டேஜ்,
ஏப்ரல் 9, வியாழக்கிழமை.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை செல்லக்கண்ணு அவர்களுக்கு, உங்கள் அக்கா வீட்டுக்காரன் லிங்கப்பன் கைகூப்பி எழுதிக்கொண்டது.

இங்கு நானும் உங்கள் அக்கா கௌரம்மாவும் சுகம். நான் சுகம் என்பதற்கு இந்த முறை ஆஸ்பத்திரிச் சீட்டே கையில் இருக்கிறது. அது எப்படி வந்தது என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். ஹனூரில் தங்கச்சி மோகனப்ரியாவும், கவின்ராஜும், மஞ்சள் காடும், புதிதாகப் பிடித்து வந்த கறவை மாடும் நலமாக இருக்க வேண்டும். போனிலேயே கேட்டிருக்கலாமே, இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நான் என்ன கேட்டாலும் நீங்கள் அந்தக் கார்ட்டூன் குரலில்தான் பதில் சொல்லுவீர்கள். காகிதத்தில் அது முடியாது. அதனால்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். வினிதா, மகளைக் கூட்டிக்கொண்டு புனேயிலிருந்து வருகிற ஞாயிறு இங்கே வருகிறாள், பதினைந்து நாள் இருப்பாள் என்பது உங்களுக்குத் தெரியும். ஏனென்றால் பெற்ற அப்பனிடம் சொல்வதற்கு முன்னால் மாமனாகிய உங்களிடம்தான் சொல்லியிருக்கிறாள். போன வாரம் எல்லோரும் வீடியோ காலில் இருந்தபோது, "மாமா, நீங்களும் வந்துருங்க, பூங்குழலிக்கு ஒட்டடை மாதிரி பேசிக் காட்டணும்" என்று அவள் சொன்னதும், நீங்கள் அந்த இடத்திலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டு, "பேயண்ணே, நான் இந்த வீட்டு ஆளே இல்லண்ணே!" என்று கீச்சிட்டதும், அம்மா, மகள், பேத்தி மூன்று தலைமுறையும் ஒரே மூச்சில் சிரித்ததும் என் காதில் விழுந்தது. நான் அப்போது அடுப்படியில் நின்று குக்கர் விசில் எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை தவறிப் பருப்பு கஞ்சியாகிவிட்டது. நானும் ஓடி வந்து சிரித்தேன். ஆனால் நான் சிரிக்க ஆரம்பித்தபோது அவர்கள் முடித்திருந்தார்கள். அப்போது அந்த ஆறு வயதுக் குழந்தை, "தாத்தாவுக்குப் புரியல" என்றது. இரக்கத்தோடு சொன்னது, மாப்பிள்ளை. அதுதான் தாங்கவில்லை.

உங்கள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் நீங்கள் ஐடிஐ படிக்க எங்கள் வீட்டில் வந்து இரண்டு வருஷம் தங்கியதிலும் எனக்கு வருத்தம் கிடையாது. மச்சினன் தங்காமல் வேறு யார் தங்குவது. ஆனால் அந்த இரண்டு வருஷமும் ஞாயிற்றுக்கிழமை பத்து மணி ஆனால் என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். நான் ஹெப்பாள் பேக்டரியில் ஞாயிறு ஷிப்டில் மிஷின் முன்னால் நின்றுகொண்டிருப்பேன். நீங்கள் மூன்று பேரும், நான் தோளில் சுமந்து மாடிப்படி ஏற்றிய டிவிக்கு முன்னால் உட்கார்ந்து 'பேய் பிடிக்கும் கம்பெனி' கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். மூன்று மணிக்கு நான் எண்ணெய்க் கையோடு வந்தால் வீட்டில் இன்னும் அந்தச் சிரிப்பு ஓய்ந்திருக்காது. "என்ன விசேஷம்?" என்று கேட்பேன். "அது பாத்தாத்தான் தெரியுமுங்க" என்று சொல்லி உங்கள் அக்கா சோற்றுத் தட்டை வைப்பாள். அந்தக் கேள்வியும் அந்தப் பதிலும் நூறு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. பார்த்தால்தானே தெரியும்! பேயைப் பிடிக்கப் போகிற இரண்டு பேரில் குண்டானவன் டமாரம், அவன்தான் முதலாளி; ஒல்லியானவன் ஒட்டடை, அவன் பேயைக் கண்டதும் கண்ணைத் திறந்தபடியே மரப்பலகை மாதிரி பின்னால் விழுந்து காலை மேலே தூக்கிக்கொள்வான் என்பதெல்லாம் எனக்கு இந்த வருஷம்தான் தெரியும். இப்போது அந்தப் பழைய கார்ட்டூன் முழுவதும் போனிலேயே வந்துவிட்டதால், உங்கள் அக்கா தினமும் காய் நறுக்கும்போது பக்கத்தில் ஒட்டடையைச் சாத்தி வைத்துக்கொள்கிறாள். வெங்காயம் நறுக்கும்போதும் சிரிக்கிறாள். கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் நான் சொன்ன பேச்சுக்கு அவள் வாய்விட்டுச் சிரித்தது இரண்டே தடவை. அதில் ஒரு தடவை நான் சொன்னது தமாஷ் இல்லை.

சரி, நாமும் பார்த்துவிடுவோம், வினிதா வருவதற்குள் தேறிவிடுவோம் என்று முடிவு செய்தேன். வீட்டில் பார்த்தால் மானம் போகும் என்பதால், காலை நடைக்குப் போகிற பார்க்கில், கல் பெஞ்சில் உட்கார்ந்து, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு பார்க்க ஆரம்பித்தேன். நான்காவது நாள் அந்த இயர்போன் போனில் சரியாகச் சொருகவில்லை போலிருக்கிறது. என் காதில் ஒன்றும் கேட்கவில்லையே என்று சத்தத்தைக் கூட்டினேன், இன்னும் கூட்டினேன், கடைசிவரை கூட்டினேன். பேய் சிரித்த சிரிப்பில் யோகா செய்துகொண்டிருந்த பெண்மணிகள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள். பக்கத்து வீட்டு உமேஷ் ஓடி வந்து, "ஏன் சார் இது, பெளிக்கே பெளிக்கே தெவ்வா நோடுத்தீரா?" என்று கேட்டார். விடிந்ததும் விடியாததுமாகப் பேய் பார்க்கிறீர்களா என்று கேட்கிற அளவுக்கு என் பெயர் அந்த லேஅவுட்டில் ஆகிவிட்டது. அதையும் பொறுத்துக்கொண்டு ஒன்பது கதை பார்த்து முடித்தேன். முக்கியமான வசனத்தை மனப்பாடம் செய்து, அன்று மத்தியானம் உங்கள் அக்கா ரசம் ஊற்றும்போது, மூக்கைப் பிடித்துக்கொண்டு, "தெவ்வண்ணா, நானு ஈ மனெயவனே அல்லண்ணா!" என்று கீச்சிட்டேன். உங்கள் அக்கா கரண்டியோடு என்னைப் பார்த்தாள். "யாருங்க அது?" என்றாள். "ஒட்டடை" என்றேன். "ஒட்டடை எதுக்குங்க கன்னடம் பேசறான்?" என்றாள். அப்புறம்தான் தெரிந்தது, போன் வாங்கிய கடையில் என் போனைக் கன்னடத்தில் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். நான் பார்த்த ஒன்பதும் கன்னடம். அதில் ஒட்டடைக்குப் பெயரே சீனப்பா. முப்பது வருஷம் பேக்டரியில் கன்னடத்திலேயே திட்டு வாங்கிய காது, மாப்பிள்ளை, எது தமிழ் எது கன்னடம் என்று பிரித்துப் பார்க்கிற பழக்கத்தை எப்போதோ விட்டுவிட்டது.

குரல்தான் நமக்கு வரவில்லை, விழுவதையாவது கற்றுக்கொள்வோம் என்று அடுத்து நினைத்தேன். விழுவதற்குப் பாஷை வேண்டாம் அல்லவா. செவ்வாய்க்கிழமை உங்கள் அக்கா பூவும் காப்பிப் பொடியும் வாங்க அக்ரஹாரத்துக்கு ஸ்கூட்டரில் கிளம்பினாள். போய்வர ஒரு மணி நேரம் ஆகும். நான் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கட்டிலுக்கு முதுகைக் காட்டி நின்று, கண்ணைத் திறந்தபடியே பின்னால் விழுந்து பழகினேன். முதல் மூன்று தடவை நன்றாகவே வந்தது. நான்காவது தடவை காலைத் தூக்குகிற நேரத்தில் கட்டிலின் நடுப்பலகை இரண்டும் 'படார்' என்று முறிந்து, மெத்தையோடு நான் கீழே போய்விட்டேன். தலை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் மேலே நிற்க, நடுவில் நான் மடிந்து கிடக்கிறேன், எழுந்திருக்க வழியில்லை. அந்த நேரம் பார்த்து, பையை மறந்துவிட்டதாக உங்கள் அக்கா திரும்பி வந்து கதவைத் திறந்தாள். நான் செய்ததுதான் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். இவள் சிரிக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது என்று நினைத்து, கண்ணை இன்னும் அகலமாகத் திறந்து, நெஞ்சு நசுங்கிய நிலையில் என்ன குரல் வருமோ அந்தக் குரலில், "பே... பேயண்ணே..." என்றேன்.

"ஐயோ, வாயி குழறுதே! உமேஷண்ணா! பேகா பன்னி!" என்று, சீக்கிரம் வரச் சொல்லி அவள் போட்ட சத்தத்தில் தெருவே வந்துவிட்டது. உமேஷும் எதிர்வீட்டு சித்தையனும் என்னைப் பலகைக்குள்ளிருந்து பிடுங்கிக் காரில் படுக்க வைத்தார்கள். நான் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்த ஒவ்வொரு தடவையும், "பேசாதீங்க சார், ஸ்ட்ரெயின் பண்ணாதீங்க" என்று சித்தையன் என் வாயைப் பொத்தினார். உங்கள் அக்கா ஆஸ்பத்திரி வரும்வரைக்கும் அழுதுகொண்டே என் கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதை இப்போது எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி ஈசிஜி எடுக்க ஆரம்பித்தார்கள். ரூபா என்று ஒரு டாக்டரம்மா, நம் தமிழ்ப்பிள்ளைதான், முப்பத்தைந்து வயசு இருக்கும். "எப்படி விழுந்தீங்க சார்?" என்று கேட்டாள். வேறு வழியில்லை. மெதுவாக, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "பேயைப் பார்த்து விழுகிற மாதிரி விழுந்து பழகினேன் டாக்டர்" என்றேன். அவள் என் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தாள். பிறகு, "ஒட்டடை மாதிரியா?" என்றாள். நான் தலையாட்டினேன். அவ்வளவுதான், மாப்பிள்ளை. படித்த டாக்டர், கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், அந்த இடத்திலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டு, "பேயண்ணே, நான் இந்த வீட்டு ஆளே இல்லண்ணே!" என்றாள். அச்சு அசல். அதுவரை அழுதுகொண்டிருந்த உங்கள் அக்கா கண்ணீரைத் துடைக்காமலேயே சிரித்தாள். நர்ஸ் சிரித்தாள். காரைத் துடைக்கப் போன சித்தையனைத் திரும்பக் கூப்பிட்டுச் சொல்லி அவரையும் சிரிக்க வைத்தார்கள். அந்தக் கூட்டத்தில் ஒயரோடு படுத்திருந்த நான் ஒருவன்தான் உண்மையிலேயே அந்த வீட்டு ஆள் இல்லாதவன் மாதிரி கிடந்தேன். "என்ன சார், நல்லாப் போயிட்டிருந்துச்சு, இப்போ துடிப்பு திடீர்னு ஏறுது?" என்று டாக்டரம்மா ஈசிஜிக் கோட்டைப் பார்த்தாள். அந்தச் சீட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. நடுவில் நான்கு கோடு உயரமாக ஏறி இறங்கியிருக்கும். மற்ற இடமெல்லாம் நார்மல். அந்த நான்கு கோடு பொறாமை.

வீட்டுக்கு வந்ததும் வெட்கத்தை விட்டு உங்கள் அக்காவிடமே கேட்டுவிட்டேன். "அந்த ஒல்லிக்குச்சி கிட்ட அப்படி என்ன இருக்குது? நானும்தான் எத்தனை தமாஷ் பண்ணறேன்?" அவள் முறிந்த பலகையைக் கயிற்றால் கட்டிக்கொண்டே சொன்னாள்: "அவன் தமாஷ் பண்ணறதில்லீங்க. அவன் நெசமாலுமே பயப்படறான். அதான் நெம்பச் சிரிப்பா வருது." இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை. உங்களுக்கு விளங்கும் என்றும் எனக்குத் தெரியும், அதை நினைத்தாலே வயிறு எரிகிறது.

ஆகையால் மாப்பிள்ளை அவர்களைப் பணிவோடு கேட்டுக்கொள்வது என்னவென்றால், வருகிற ஞாயிறு நீங்கள் வர வேண்டாம். மஞ்சளுக்குத் தண்ணீர் கட்டுகிற வேலை இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள், அது பொய்யாக இருக்காது. முதல் பத்து நாளை எனக்கு விட்டுக்கொடுங்கள். கன்னடத்தைத் தமிழுக்கு மாற்றுவது எப்படி என்று உமேஷ் சொல்லிக் கொடுத்திருக்கிறார், மிச்சமுள்ள கதைகளையும் பார்த்துவிடுவேன். பத்து நாளில் என் பேத்தி என்னைப் பார்த்து ஒரே ஒரு தடவை, நான் சொன்னதற்காக, நான் சொன்ன அதே நேரத்தில் சிரித்துவிட்டாள் என்றால் போதும். பதினோராவது நாள் நானே பஸ் ஸ்டாண்டுக்கு வந்து உங்களை அழைத்துக்கொள்கிறேன். அப்படியும் ஞாயிறே வந்துதான் ஆக வேண்டும் என்றால், உங்களுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டு வாருங்கள். இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன். நீங்கள் எப்போதுமே எதையும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள், அதுவும் எனக்குப் பிடிக்காத ஒன்று.

தங்கச்சி மோகனப்ரியாவுக்கு என் விசாரிப்பு. கவின்ராஜ் பரீட்சையில் நல்ல மார்க் எடுத்து, பெரியவர்கள் மெச்ச வாழ மாமாவின் ஆசி. உங்கள் காட்டில் மழை சரியாகப் பெய்யட்டும், மாடு மடி நிறையக் கறக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மேல் வருத்தம் எதுவும் இல்லாத,
லிங்கப்பன்.

பின்குறிப்பு: இதை எழுதி மேஜைமேல் வைத்துவிட்டுத் தபால் கவர் வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் கேட்டுக்கு வெளியே வரைக்கும் சிரிப்புச் சத்தம். உங்கள் அக்கா தரையில் உட்கார்ந்து, போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து, புனேக்கு இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டிக்கொண்டிருக்கிறாள். சும்மா படிக்கவில்லை, கனைத்துக் கனைத்து, வார்த்தைக்கு வார்த்தை நிறுத்தி, என் குரலில் படிக்கிறாள். கட்டில் முறிகிற இடத்தில் மேலே படிக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்குகிறாள். அந்தப் பக்கம் வினிதா கண்ணைத் துடைக்கிறாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் உள்ளே போய், "இதுல சிரிக்கறதுக்கு என்ன இருக்குது? மனுசன் எவ்வளவு வேதனையில எழுதியிருக்கறேன்!" என்றேன். உண்மையாகவே கேட்டேன், மாப்பிள்ளை. அதற்கு மூன்று பேரும் சேர்ந்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். பூங்குழலி, "தாத்தா, அதை இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள். சொன்னேன். மறுபடியும் சிரித்தாள்.

ஆகவே மேலே எழுதியது எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். ஞாயிறு முதல் பஸ்ஸுக்கே கிளம்பி வந்துவிடுங்கள், தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு. ஒட்டடை குரலில் காலை முதல் சாயங்காலம் வரை பேசுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒன்றே ஒன்றுதான். வினிதாவும் இப்போது தாத்தா குரல் பேசப் பழகிவிட்டாள், குழந்தை உங்களையும் பேசிக் காட்டச் சொல்லும். உங்களுக்கு அதுவும் நன்றாக வரும் என்று எனக்குத் தெரியும். தயவுசெய்து செய்யாதீர்கள். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.