செட்டியாரின் கார் சவாரி

குமரப்பச் செட்டியார் காரைப் பின்னால் எடுத்ததில் பக்கத்து வீட்டுக் கோழிக்கூடு சரிந்தது. கோழிகள் தப்பித்துவிட்டன. மகன் முருகப்பனுக்குத்தான் உயிர் போய் வந்தது.

முருகப்பன் அப்பச்சி என்று கூப்பிடும் தகப்பனாருக்குக் கை நடுக்கம்; டாக்டர் அதை நடுக்குவாதம் என்றார். அப்பச்சி எடுத்த காப்பி வாய்க்கு வருவதற்குள் பாதி வேட்டிக்குப் போய்விடும். அந்தக் கை வாரம் இருமுறை ஜொகூர் பாருவிலிருந்து உலு திராமில் இருக்கும் ரப்பர் தோட்டத்துக்குக் காரோட்டிப் போனால், பெற்ற பிள்ளை பார்த்துக்கொண்டு சும்மா இருப்பானா?

முருகப்பன் பதமாகச் சொல்லிப் பார்த்தான்.

"ஒனக்கு நடக்கக் கத்துக் குடுத்தவன்டா நான்" என்று அவர் பேச்சை முடித்துவிட்டார்.

காரின் முன்பக்கம் மாட்டிச் சுற்றிக் கிளப்பும் கம்பியை முருகப்பன் அரிசிப் பானைக்குள் ஒளித்தான். செட்டியார் கடை ஆட்கள் நால்வரைத் தள்ளச் சொன்னார். கார் கிளம்பிவிட்டது. தள்ளியவர்களில் ஒருவரைச் சாக்கடையிலிருந்து தூக்க வேண்டியதாயிற்று.

பெண்சாதி பக்கத்தில் இருந்தால் மனுஷன் பயந்து ஓட்டுவார் என்று ஆத்தா நாச்சாளைக் கூடப் போகும்படி கெஞ்சினான்.

"நீ கவலைய விடு. நான் பாத்துக்கிறேன்" என்றாள் ஆத்தா.

முதல் மாதம் கார் ஆமையாய்ப் போய் வந்தது. முருகப்பன் தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டான். இரண்டாம் மாதம் வேகம் கூடியது. மூன்றாம் மாதம், மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறவர்கள் பத்து மணிக்கே வந்து நின்றார்கள். முன்பு ஒரு உயிருக்குப் பயந்தவன் இப்போது இரண்டு உயிருக்குப் பயந்தான்.

கடைசியில் காளியப்பனை டிரைவராக வைத்தான். முதல் நாளே அவன் வேர்த்து விறுவிறுத்து நடந்து வந்தான்.

"ஊர் எல்லையில எறக்கிவிட்டுட்டாங்க."

"அப்பச்சியா?"

"ஆச்சிதாங்க எறங்கச் சொன்னாங்க."

ஆத்தாவும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டாள். இனி ஒரே வழிதான். பெற்ற தகப்பனின் லைசென்சைப் பறிக்கச் சொல்லி மனு எழுதிக்கொண்டு, முருகப்பன் லைசென்ஸ் ஆபீசுக்குப் போனான். அப்பச்சி முகத்தில் இனி எப்படி முழிப்பது என்று வழியெல்லாம் அழுகை வந்தது. ஆனாலும் அவர் உயிரோடு திட்டினால் போதும்.

அங்கே குமாஸ்தாவாக இருந்த கிராணி சபாபதி மனுவை இரண்டு தடவை படித்தார். பேரேட்டைப் புரட்டினார். பிறகு முருகப்பனை ஏற இறங்கப் பார்த்தார்.

"செட்டியாரு போன மாசமே லைசென்ச ஒப்படச்சிட்டாங்களே தம்பி. இப்ப லைசென்ஸ் எடுத்து வண்டி ஓட்டுறது ஆச்சிதானே."