தனியாகப் பயணம் போன ஐந்து பேர்

வேலையை விட்டுவிட்டு ஊர் சுற்றினால் வேலையில் முன்னேறலாம் என்று இணையத்தில் யாராவது எழுதியிருந்தால், எழுதியவருக்கு மாமனார் மாமியார் உண்டா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். நான் விசாரிக்கவில்லை.

ஜெர்சி சிட்டியில் ஒரு வங்கியின் மென்பொருளைப் பத்து வருடமாகப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தேன். கிரீன் கார்டு வந்த மறுமாதமே ராஜினாமா. (அதுவரை மேனேஜர் முறைத்தாலும் சிரித்தவன்தான். வீரமெல்லாம் தபாலில் வந்தது.) தன்னந்தனியாக, முதுகில் ஒரு பையோடு அமெரிக்காவைச் சுற்றி, என்னை நானே கண்டுபிடித்து, திரும்பி வந்து பெரிய வேலையாகப் பிடிப்பது திட்டம். மனைவி சுதா ஆறு மாதம் கெடு கொடுத்தாள்.

அதே ஆறு மாதத்துக்கு அவளுடைய அப்பா அம்மாவும் கோவையிலிருந்து விசிட்டர் விசாவில் வந்து இறங்கினார்கள்.

"மாப்ளை தனியாவா போறாரு? சோத்துக்கு என்னங்க பண்ணுவாரு?" என்றார் மாமியார்.

"சும்மா இருக்கறவருதான, நம்மளையும் கூட்டிட்டுப் போகட்டும்" என்றார் மாமனார்.

வழியில் பேர்லேண்ட் என்ற ஊரில் சுதாவின் பெரியம்மாவும் பெரியப்பாவும் ஏறிக்கொண்டார்கள். ஆக, வேனில் ஐந்து பேர், ஒரு ரைஸ் குக்கர். என்னை நானே கண்டுபிடிக்க நேரமில்லை. மாமனாரின் மூக்குக்கண்ணாடியைக் கண்டுபிடிக்கவே நேரம் சரியாக இருந்தது. போதாக்குறைக்கு, அரிசோனா எல்லையில் அக்கா தங்கச்சி இருவரும் ஏதோ பழைய கல்யாணச் சண்டையைத் தோண்டியெடுத்துப் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

"மாப்ளை, ஊறுகாய் பாட்டிலை அவகிட்டக் கேளுங்க" என்பார் மாமியார், ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கும் அக்காவைப் பார்க்காமல்.

"காலியாயிருச்சுன்னு சொல்லுங்க மாப்ளை" என்பார் பெரியம்மா, பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டே.

ஃப்ரீவேயில் வண்டியும் ஓட்டி, இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நான் தூதும் போனேன்.

வீடு திரும்பிய பிறகு வேலைக்கு விண்ணப்பித்தேன், விண்ணப்பித்தேன், விண்ணப்பித்துக்கொண்டே இருந்தேன். ஒருநாள் சுதா கேட்டாள்: "ஆறு மாசம்னீங்க, எட்டாச்சு. இன்ஷூரன்ஸ், பாப்பாவோட ஸ்கூல் பிக்கப் எல்லாம் நான் ஒருத்தியே மேனேஜ் பண்றேன். நான் எப்பங்க பிரேக் எடுக்கறது?"

உண்மையிலேயே வெட்கமாக இருந்தது.

அடுத்த வாரம் ஒரே ஒரு நேர்காணல் வந்தது, வீடியோவில். இதையும் விட்டால் அவள் முகத்தில் விழிக்க முடியாது. சாகசக்காரனாகத் தெரியவேண்டுமென்று கிராண்ட் கேன்யன் படத்தைத் திரைப் பின்னணியாக வைத்தேன். கேன்யன் ஒழுங்காக விழுந்திருந்த ஒரே படத்தில் (வழிப்போக்கர் ஒருவர் எடுத்தது; மற்றவற்றில் மாமனாரின் கட்டைவிரல்) நாங்கள் ஐந்து பேரும் பெட்ஷீட் விரித்துப் புளியோதரை தின்றுகொண்டிருந்தோம். நாற்காலியை நகர்த்தி நகர்த்தி, என் தலையும் தோளும் மொத்தக் குடும்பத்தையும் மறைக்கும் இடத்தைப் பிடித்து, தரையில் டேப் ஒட்டி அடையாளம் வைத்தேன். என் அகலம் வாழ்க்கையில் முதன்முறையாக உதவியது.

"எட்டு மாதம் வேலையில் இல்லையே, என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார் நேர்காணல் எடுத்த அமெரிக்க மேனேஜர் அம்மா.

"தனிமை" என்றேன், குரலைத் தாழ்த்தி. "நாள்கணக்கில் மனிதக் குரலே கேட்கவில்லை. நானும் அந்தப் பள்ளத்தாக்கும் மட்டும்..."

அடுத்த வரி எழுதிய காகிதம் கீழே விழுந்தது. குனிந்து எடுத்தேன். நிமிர்ந்தபோது அவர் திரைக்கு வெகு அருகில் வந்திருந்தார்.

"மறுபடியும் கொஞ்சம் குனியுங்கள்."

குனிந்தேன்.

"யார் இவர்கள் எல்லாம்? படத்தில் உங்கள் மடியில் இருப்பது என்ன?"

"ரைஸ் குக்கர்" என்றேன், மேஜைக்கு அடியிலிருந்தே.

அதற்குமேல் பொய் சொல்லத் தெம்பில்லை. குனிந்த வாக்கிலேயே எல்லாவற்றையும் ஒப்பித்தேன். மூக்குக்கண்ணாடி, பெரியப்பாவுக்கு மணிக்கொரு ரெஸ்ட் ரூம், ஊறுகாய்த் தூது. அதற்குள் இணைப்பைத் துண்டித்துவிட்டார் என்றே நினைத்தேன்.

"கடைசியில் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டார்களா?" என்று கேட்டது குரல்.

"பேசினார்கள். திரும்பும்போது நான் ஃப்ரீவேயில் இறங்கவேண்டிய ஒரு எக்ஸிட்டைத் தவறவிட்டேன். என்னைத் திட்டுவதற்காக ஒன்று சேர்ந்தார்கள்."

சிரித்தார். அவரிடம் இரண்டு டீம்கள் இருந்தனவாம். ஒன்றோடொன்று பேசியே வெகுகாலமாகிறதாம். வேலை கிடைத்துவிட்டது. இப்போது நாள் முழுக்க, "அவங்ககிட்டக் கேளுங்க", "காலியாயிருச்சுன்னு சொல்லுங்க" என்பதை ஆங்கிலத்தில் செய்துகொண்டிருக்கிறேன். பயணம் என் தொழிலை உயர்த்தியது என்பதை மறுக்கவா முடியும்?

சுதாவும் போன கோடையில் ஒரு மாதம் பிரேக் எடுத்தாள். நிஜமாகவே தனியாகப் போனாள். குக்கரை என்னிடமே விட்டுவிட்டாள்.

ஒரே குறை, அன்று அவள் கதவுக்கு வெளியே நின்று மொத்தத்தையும் கேட்டிருக்கிறாள். விருந்தாளிகள் முன்னால் நான் என் தலைமைப் பண்பைப் பற்றி ஆரம்பித்தால் போதும், சமையலறையிலிருந்து குரல் வரும்.

"ஏங்க, கொஞ்சம் குனிங்க."

தமிழில் ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று அடம்பிடிக்கும் என் பத்து வயது மகளும் இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சுத்தமாகச் சொல்கிறாள்.