மிளகுக்கொடிக்குள் போன நம்பர்

ஒரு தோட்டாகூட வைத்திராமல், மாத்தளையில் துவக்கு வைத்திருந்த அத்தனை பேரையும் நடுங்கவைத்தவர் ஒருவர்தான். அவர் துவக்குப் பத்தர். அறுபதுகளில் நான் வேலை பார்த்த புடவைக்கடைக்கு எதிர்ப்பக்கம் அவருடைய நகைப் பட்டறை. அவருக்குப் பெயர் என்று ஏதோ இருந்திருக்கும். யாரும் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எனக்கு அவர் மேல் பெரிய அபிப்பிராயமும் கிடையாது.

தோடு, மூக்குத்தி என்று பெண்கள் வந்தால் மனிதர் தலையே நிமிர்த்த மாட்டார். துவக்கு வந்தால் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்குவார். அது சுடுமா, சுடாதா என்பது அவருக்கு அநாவசியம். இரும்பில் வெற்றிடம் இருக்கிறதா, அதில் தங்கம் ஏறுமா, அவ்வளவுதான். விசை இழுபடவில்லை என்று கொடுத்த யட்டவத்தைக்காரர் ஒருவர், தங்க மயில் உட்கார்ந்த துவக்கோடு திரும்பிப் போனார். விசை பழையபடியே இறுகிக் கிடந்தது.

அவரிடம் வித்தை இரண்டு. ஒன்று பதிப்பு. இரும்பில் வாய் குறுகலாகவும் அடி அகலமாகவும் பள்ளம் வெட்டி, தங்கக் கம்பியை அடித்து இறக்குவார். "மாமியா வீட்டுக்கு வந்த மருமகன் மாதிரிங்க. உள்ள போனா எழும்பவே மாட்டான்" என்பார். மற்றது போர்வை. இரும்பின் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, மெல்லிய தங்கத் தகட்டை வைத்துத் தேய்த்து அழுத்துவார். கீறலின் பற்கள் தகட்டைக் கவ்விக்கொள்ளும்.

பல்லேபொல காசிம் நானா மாட்டியது இந்தப் போர்வையில்தான். அவருக்கு அங்கே வயலும் மிளகுத் தோட்டமும் இருந்தன. வயலை உழுதுவிட்டுப் போகும் காட்டுப்பன்றியின் பெயரைக்கூட வாயால் சொல்ல மாட்டார். "அந்த மிருகம்" என்பார். அதை விரட்ட இருந்தது ஒரேயொரு துவக்கு. யாரோ வைத்திருந்த தங்கப்பூத் துவக்கைப் பார்த்து ஆசைப்பட்டு, தம்முடையதைப் பத்தரிடம் கொடுத்தார். உயிருள்ள உருவம் எதுவும் கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னார். பத்தரும் சொல் தவறவில்லை. மிளகுக்கொடியைப் படரவிட்டார், இலை, காய்ச்சரம் எல்லாம் தங்கத்தில். உண்மையைச் சொன்னால் அழகு என்றால் அப்படியோர் அழகு.

லைசன் புதுப்பிக்க அரசாங்கக் கச்சேரிக்குப் போனபோதுதான் வினை. துவக்கில் நம்பரைக் காணோம். நம்பர் அழித்தது என்றால் களவுத் துவக்காகத்தான் இருக்கும் என்று அங்கிருந்த சிங்கள அதிகாரி மாத்தயா அதைப் பிடித்து வைத்துக்கொண்டார். பொலிஸுக்கு அனுப்பப்போவதாகவும் சொன்னார். நானா நேரே பட்டறைக்கு வந்தார்.

"பத்தரே, எங்க நம்பர்?"

"கொடி போற வழியில கிடந்துச்சு நானா. பார்க்கச் சகிக்கல. மேல ஒரு இலையப் போட்டுட்டேன்."

நானா சத்தம் போடவில்லை. துவக்கு போனால் இந்தப் போகத்து நெல் அந்த மிருகத்துக்கு, தான் கோர்ட்டுக்கு என்று மட்டும் சொன்னார். பத்தர் உளியை மடியில் செருகிக்கொண்டு கிளம்பினார். என்னையும் இழுத்துக்கொண்டார். அவருக்குச் சிங்களம் வரும். மரியாதையான சிங்களம் வராது.

மாத்தயாவின் மேசையில் வைத்தே இலையைச் சுரண்டினார். கீறல்களுக்கு அடியிலிருந்து இலக்கங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. கடைசி இலக்கம் மட்டும் மழுங்கி, மூன்றா எட்டா என்று பிடிபடவில்லை. மாத்தயா லைசனைக் கையால் மூடிக்கொண்டு, எது என்று கேட்டார். நானாவுக்கு அந்தப் பதற்றத்தில் தன் பெயரே ஞாபகம் இருந்திருக்காது. பத்தர் சொன்னார்:

"எட்டுதாங்க. மூணுன்னா நான் ஏன் மறைக்கிறேன்? அது அழகா வளையும். கொடிக்குக் காம்பா வச்சிருப்பேனே."

நான் அதை அப்படியே சிங்களத்தில் சொன்னேன். மாத்தயா கையை எடுத்துப் பார்த்தார். எட்டுதான். சிரிப்பை அடக்க முடியாமல் முத்திரையைக் குத்தினார்.

நானா துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். பத்தர் படிக்கட்டில் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். கண்ணில் இரும்புத்தூள் விழுந்துவிட்டது என்றார். அவர் சுரண்டியது தங்கத்தை. கண்ணைத் துடைக்க என் லேஞ்சியை எடுத்து நீட்டினேன்.