அச்சரப்பாக்கம் போய்ச் சேரும் வரை வாய் மூடாத கண்டக்டர்

அன்று காலை திருக்கழுக்குன்றம் சங்கு தீர்த்தக் குளக்கரையில் நான் இருந்தேன், அப்பா இருந்தார், காதில் பாட்டோடு நடக்கும் கல்பாக்கம் சார் இருந்தார், வடை போடும் செல்வியக்கா இருந்தார். இல்லாதது ஒன்றே ஒன்று, கண்டக்டரின் குரல். மகாபலிபுரத்துக்குப் போய் இறங்கினால் கடலைக் காணோம் என்றால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

கண்டக்டரின் சொந்தப் பெயர் அவருடைய ஆதார் அட்டைக்கே மறந்திருக்கும். செங்கல்பட்டு – அச்சரப்பாக்கம் பஸ்ஸில் விசில் ஊதி ஓய்வு பெற்றவர். இதயத்தில் பைபாஸ் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னாராம்: நடக்கையில் பேச்சு வர வேண்டும், பேச முடியாமல் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். நம் ஆள் அதை மாத்திரையோடு சேர்த்து எழுதிக் கொடுத்த மருந்தாகவே எடுத்துக்கொண்டார். பேச்சு நின்றால் இதயம் நிற்கும்; அவ்வளவுதான் கணக்கு. சில்லறை இல்லாமல் ஏறியவர்கள், ஆட்டுக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு குழந்தை என்று சாதித்த பெரியவர் என்று குளத்தைச் சுற்றும் நேரம் முழுக்கப் பேசினார். ஆள் கிடைக்காத நாளில் மீன்களிடம் பேசினார்.

வாய் மூடி நடப்பவர்களைக் கண்டால் அவருக்குப் பதறும். ஒருநாள் கல்பாக்கம் சாரின் காதிலிருந்து ஒயரைப் பிடுங்கி, "இன்னா சார், படிச்சவரு, கம்முனு நடந்துகினு கீறியே. உள்ள இன்ஜின் ஆஃப் ஆயிடப் போவுது" என்றார். அணு உலையையே சமாளித்தவர், மறுநாளிலிருந்து எதிர்த்திசையில் சுற்றத் தொடங்கினார். அப்படிச் சுற்றினால் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை கண்டக்டரைச் சந்திக்க வேண்டியிருக்கும் என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது.

வடை விஷயத்தில் கண்டக்டர் இன்னும் கடுமை. யாராவது செல்வியக்கா கடையில் வடையைத் தொட்டால் எங்கிருந்தோ ஒற்றை விசில் வரும். தொட்ட கை அப்படியே நின்றுவிடும்.

என் அப்பா அரிசி மில்லில் மூட்டை சுமந்தவர். மாரடைப்பு வந்து, இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு வந்ததிலிருந்து கட்டிலே கதியாகக் கிடந்தார். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவன் என்கிற முறையில், ஆஸ்பத்திரித் தாள்களை வரிவரியாகத் தமிழில் சொல்லி, நடப்பதும் மருந்துதான் என்று கெஞ்சிப் பார்த்தேன். "நெஞ்சுல ஸ்பிரிங்கு வச்சிகீறாங்கடா. நடந்தா நவுந்துரும்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். மாரடைப்பில் தப்பியவர் பயத்தில் போய்விடுவாரோ என்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

வேறு வழியில்லாமல் கண்டக்டரிடம் சொன்னேன். விடிந்ததும் எங்கள் வீட்டு வாசலில் இரட்டை விசில். "வா நைனா, வண்டி கெளம்புது. ஏறு." வண்டியும் இல்லை, வாடகையும் இல்லை. ஆனால் வாழ்நாளில் எந்தக் கண்டக்டரையும் எதிர்த்துப் பேசியறியாத அப்பா, எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

குளக்கரையிலும் கண்டக்டருக்கு அதே பழைய ரூட்தான். வேப்பமரம் படாளம் ஸ்டாப்பிங். குழாயடி மதுராந்தகம். எதிர்க்கரையில் செல்வியக்கா கடை அச்சரப்பாக்கம். அப்பா முதல்நாள் படாளத்திலேயே உட்கார்ந்துவிட்டார். போகப் போக மதுராந்தகம் வரை வந்தார். அதற்கு மேல் ஓர் அடி கிடையாது. "நான் இங்கயே எறங்கிக்கிறேன் கண்டக்டரே" என்று நெஞ்சில் கை வைத்துக்கொள்வார். கண்டக்டரும் விசில் ஊதி மரியாதையாக இறக்கிவிட்டு, தனக்குத்தானே பேசிக்கொண்டு அச்சரப்பாக்கம் போவார். தண்ணீர் மேலே அந்தக் குரல் எங்களுக்கு வந்துகொண்டே இருக்கும்.

அன்று அது நின்றது. ஆட்டுக்குட்டிக் கதையின் நடுவில், பட்டென்று.

கல்பாக்கம் சார் காதிலிருந்து ஒயரை அவராகவே கழற்றினார். அப்பா எழுந்தார். "கொரலு நின்னுபோச்சுடா" என்றார். அடுத்த கணம் ஓடினார். ஒரு செருப்பு மதுராந்தகத்திலேயே கிடந்தது. ஓடாதப்பா, ஓடாதப்பா என்று கத்திக்கொண்டே பின்னால் போனேன். மூட்டை சுமந்த கால்களை என்னால் பிடிக்க முடியவில்லை.

கடை மறைவில் கண்டக்டர் நின்றிருந்தார். முகமெல்லாம் வேர்வை, கண்ணில் நீர், கை நெஞ்சில். ஆஸ்பத்திரித் தாளில் படித்த ஆபத்தெல்லாம் என் எதிரே நின்றது. அப்பா அவரைத் தாங்கிப் பிடித்து முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். வாயிலிருந்து ஆவி பறக்க ஓர் உளுந்து வடை வெளியே விழுந்தது.

செல்வியக்கா கரண்டியைப் பார்த்தபடி சொன்னார்: "டெய்லி ஆறவச்சிதான் குடுப்பேன். பேசிகினே துன்னுடுவாரு. இன்னிக்கு சட்டியிலேர்ந்தே எடுத்துட்டாரு."

மூச்சு திரும்பியதும் கண்டக்டர் அப்பாவின் வெறுங்காலைப் பார்த்தார். "இன்னா நைனா, மதுராந்தகம் டிக்கெட்டுல அச்சரப்பாக்கம் வந்துகீற?"

அப்பா அப்போதுதான் சுற்றிலும் பார்த்தார். நெஞ்சைத் தடவிப் பார்த்தார். "நவுரல" என்றார், என்னிடம்.

இருந்தாலும் மனசு கேட்காமல் இருவரையும் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இரண்டு ஈ.சி.ஜி. இரண்டும் நன்றாக இருந்தன. ஒருவருக்கு வடைக்காகவும் மற்றவருக்கு ஓட்டத்துக்காகவும் டாக்டர் திட்டினார். கண்டக்டர் ஈ.சி.ஜி. எடுக்கும்போதும் பேசினார். பேசட்டும் என்று விட்டுவிட்டோம்.

திரும்பி வந்ததும் செல்வியக்காவுக்குத் தர வேண்டிய வடைக்கான பத்து ரூபாயை அப்பா வேறு யாரையும் கொடுக்க விடவில்லை. தான் அச்சரப்பாக்கம் வரை வந்ததற்கு டிக்கெட் என்று சொல்லிக் கண்டக்டர் கையிலேயே வைத்தார். ஆட்டோ, ஆஸ்பத்திரி, அந்த டிக்கெட் எல்லாம் சேர்த்து அன்றைய செலவு ஆயிரத்து முந்நூற்றுப் பத்து ரூபாய்.